வரித்திருத்தியும் ஓரெழுத்து ஏவல்களும்

எழுதுதல் ஒரு கலை. எழுதியதைத் திருத்துதல் மற்றொரு கலை. பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறிய காலத்திலே, ஒருமுறை பதிந்த எழுத்தை மாற்றுதல் எளிதன்று. ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய பெரியார் பல ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வழுக்களைந்து அச்சேற்றிய அருமையை நம்மவர் நன்கறிவர். அச்சு யந்திரம் வந்தபின் திருத்தும் முறையும் வேறாயிற்று. அச்சுப்படி பார்ப்பவர் தம் கையால் எழுத்தை மாற்றுவதில்லை. தாளின் ஓரத்திலே குறியிட்டு, "இன்ன வரியில் இன்னதை நீக்குக; இன்ன சொல்லுக்குப் பின் இன்னதைச் சேர்க்க" என்று அச்சுக்கோப்பவருக்கு ஏவுகின்றார். மாற்றம் வேறோரிடத்திலே நிகழ்கின்றது. ஏவல் பிழைத்தால் அச்சும் பிழைக்கும்.

கணினியில் எழுத்தைத் திருத்துவதற்கு முதன்முதல் தோன்றிய கருவிகள் பல இம்முறையையே கைக்கொண்டன. அவற்றை வரித்திருத்திகள் எனலாம். இன்று திரையிலே எழுத்துக்களை நேரிற் கண்டு, விரும்பிய இடத்தைச் சுட்டி மாற்றிப் பழகிய இளைஞர்க்கு இக்கருவி விந்தையாகத் தோன்றும். ஆயினும் அதன் ஏவல்கள் இன்றும் வழக்கொழிந்தில. அவற்றின் இயல்பையும், அவற்றை ஆளும்போது கொள்ளவேண்டிய அவதானத்தையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தோற்றம்

1960களிலே கணினியோடு உரையாடுவதற்குப் பெரிதும் உதவியது தொலைத்தட்டெழுத்துப் பொறியாகும். ரெலிரைப் 33 என்னும் பொறி செக்கனுக்கு 10 எழுத்துக்களையே தாளில் அடிக்கவல்லது. வரியொன்றுக்கு 60 எழுத்தாக 50 வரி கொண்ட ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அஃது 3,000 எழுத்தாகும். அதனை அடித்து முடிக்க 300 செக்கன், அதாவது 5 நிமிடம் செல்லும். ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு முழுப்பக்கத்தையும் மீண்டும் பார்க்க எண்ணுபவர் ஐந்து நிமிடம் வாளாவிருத்தல் வேண்டும். ஆதலின், வேண்டிய வரியை மாத்திரம் காட்டி, வேண்டிய இடத்தை மாத்திரம் மாற்றும் கருவி இன்றியமையாததாயிற்று.

அமெரிக்காவிலே பேர்க்கிளி நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் பட்லர் லாம்சன், பீற்றர் டொயிச் என்போர் 1960களின் நடுப்பகுதியில் கியூ.ஈ.டி. என்னும் திருத்தியை ஆக்கினர். அதனைப் பயின்ற கென் தொம்சன் என்பார், பின்னர் வேறொரு கணினிக்கு அதனை மீள எழுதியபோது, சொற்களை அவற்றின் வடிவங் குறித்துத் தேடும் முறையையும் அதனுட் புகுத்தினார். அத்தேடலின் வழியை விளக்கி அவர் எழுதிய கட்டுரை 1968இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டாகிய 1969இல், நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில் என்னும் ஊரிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், பீ.டி.பி. 7 என்னும் சிறு கணினியிலே யுனிக்ஸ் என்னும் இயங்குமுறையை அவர் தொடங்கியபோது, அதற்கென ஈ.டி. என்னும் வரித்திருத்தியையும் எழுதினார். அந்தக் கணினியின் நினைவகம் 8,192 சொற்களே கொண்டது. சொல்லொன்று 18 துகள். இத்துணைச் சிறிய இடத்தில் வாழவேண்டியிருந்தமையால் ஈ.டி. சுருங்கப் பேசும் இயல்பினதாயிற்று. 1971 நவம்பரில் வெளிவந்த யுனிக்ஸின் முதற் கைந்நூலிலேயே அதன் விளக்கம் இடம்பெற்றது. இன்றைய லினக்ஸ் கணினிகளுக்கும் அது கிடைக்கின்றது.

ஏவலின் இலக்கணம்

தமிழிலக்கணம் பயின்ற நமக்கு ஈ.டி.யின் ஏவல்கள் அந்நியமானவையல்ல. வா, போ, தா, ஈ என்பன ஓரெழுத்தாய் நின்று முழுப்பொருள் தரும் ஏவல் வினைகள். நன்னூலார் ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டெனத் தொகுத்துரைத்தார். ஈ.டி.யின் ஏவல்களும் ஓரெழுத்து வினைகளே. வேற்றுமை யாதெனில், அவை ஆங்கில எழுத்துக்கள். இக்கட்டுரையில் அவற்றை ஒலிப்பெயராலே தமிழில் எழுதுகின்றோம். பொறியில் அடிப்பவர் உரிய ஆங்கிலச் சிறிய எழுத்தை அடிப்பாராக.

ஒவ்வோர் ஏவலும் இரண்டு உறுப்புடையது. முன்னது இடக்குறிப்பு, பின்னது வினை. எவ்விடத்து என்பது முதல். என் செய்க என்பது அடுத்தது. '2பி' என்பது "இரண்டாம் வரியைக் காட்டுக" என்று பொருள்படும். '2டி' என்பது "இரண்டாம் வரியை நீக்குக" என்பதாம். '1,3பி' என்பது முதல் வரி தொடக்கம் மூன்றாம் வரி வரை காட்டும். '$' என்னுங் குறி இறுதி வரியைச் சுட்டும். தனிப் புள்ளி, நாம் இப்பொழுது நிற்கும் வரியைச் சுட்டும். இடக்குறிப்புக் கூறாதுவிடின், பெரும்பாலான வினைகள் நிற்கும் வரிமேலேயே செல்லும். எழுவாய் தோன்றாத் தொடரில் எழுவாயை நாம் வருவித்துக்கொள்வது போன்றது இது.

எண்ணால் இடங்குறித்தல் எளிதெனினும் அதில் ஓர் இடர் உண்டு. இரண்டாம் வரியை நீக்கியவுடன் மூன்றாவது வரி இரண்டாவதாகிவிடும். கையில் வரியெண்களோடு கூடிய பிழைப்பட்டியல் இருப்பின், மேலிருந்து கீழே திருத்திச் செல்பவர் விரைவிலே தவறான வரியைத் திருத்துவர். கீழிருந்து மேலே செல்பவர்க்கு இவ்விடர் இல்லை. இன்னும் தொடாத வரிகளின் எண் மாறாதன்றோ? இரண்டு கோப்புக்களை ஒப்புநோக்கி வேறுபாடு காட்டும் டிஃப் என்னும் கருவி, அவ்வேறுபாடுகளை ஈ.டி.யின் ஏவல்களாகத் தரும்போது இறுதி வரியிலிருந்தே தொடங்குவதன் காரணம் இதுவே.

எண்ணினும் உறுதியான வழி, வரியை அதன்கண் உள்ள சொல்லாற் சுட்டுவதாகும். நம் பழைய நூற்பதிப்புக்களின் ஈற்றிலே செய்யுள் முதற்குறிப்பகராதி சேர்ப்பர். செய்யுளெண் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். செய்யுளின் முதற்குறிப்பு மாறாது. அவ்வாறே இரு சாய்கோடுகளுக்கிடையே ஒரு சொல்லை எழுதினால், அச்சொல் அடுத்து எவ்வரியில் உள்ளதோ அவ்வரிக்கு ஈ.டி. செல்லும். கோப்பின் இறுதியை எட்டினால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேடும். சாய்கோட்டிற்குப் பதிலாக வினாக்குறிகளை இட்டால் பின்னோக்கித் தேடும்.

ஓர் எடுத்துக்காட்டு

பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். பெயர்கள் கற்பனையே. கருவியைத் திறந்து 'ஏ' என்று அடித்து, என்ரர் விசையை அழுத்துக. 'ஏ' என்பது "பின்னே சேர்க்க" என்னும் வினை. அதன்பின் அடிப்பவை யாவும் ஏவலாகா, எழுத்தாகவே கொள்ளப்படும். வேறொன்றுமின்றித் தனிப் புள்ளி ஒன்றை ஒரு வரியில் அடிக்கும் வரை இந்நிலை நீடிக்கும்.

ஏ
சி. செல்லையா, அ.
அ. கந்தையா
க. அருளம்பலம்
மு. வைத்திலிங்கம், அ.
.

ஈற்றிலுள்ள 'அ.' என்பது அமரர் என்பதன் சுருக்கம். அவ்வன்பர் காலமானார் என்பது அதனால் அறியப்படும். இனி 'டபிள்யூ' என்னும் வினையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால், நாம் எழுதியது கோப்பிலே பதியும். ஈ.டி. 156 என்னும் எண்ணை மாத்திரம் விடையாகத் தரும். பதிந்த பைற்றுகளின் தொகை அது. மேலே 46 தமிழ்க் குறிகள் உள்ளன. குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று கொள்ள 138 ஆகும். புள்ளி, காற்புள்ளி, இடைவெளி, வரிமுடிவு ஆகியன 18. கூட்டினால் 156. தமிழை இவ்வாறு மும்மூன்று பைற்றாகக் கணினியிற் சேர்க்கும் யூ.ரி.எஃப். 8 என்னும் முறையை 1992இல் வகுத்தவர்களும் இதே கென் தொம்சனும் அவருடன் பணியாற்றிய றொப் பைக்கும் ஆவர். பொறியின் நாவை ஆங்கிலத்திற்கே பழக்கிய தலைமுறையைச் சேர்ந்த ஒருவரே பிற்காலத்தில் உலக மொழிகள் யாவுக்கும் அதனைப் பழக்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஈண்டு ஒன்று கவனித்தல் வேண்டும். ஈ.டி. திருத்துவது கோப்பையன்று, அதன் பிரதியொன்றையே. அப்பிரதியைப் பணியேடு எனலாம். 'டபிள்யூ' என்னும் ஏவல் பிறக்கும் வரை மூலக்கோப்பு பழுதின்றி இருக்கும். பிறந்தபின் மூலம் இல்லை.

மற்றைய வினைகளையும் சுருங்கக் கூறுகின்றோம். 'ஐ' என்பது வரிக்கு முன்னே சேர்க்கும். 'சி' என்பது பழைய வரியை நீக்கிப் புதியதை இடும். 'டி' நீக்கும். 'எம்' இடம்பெயர்க்கும், '4எம்1' என்றால் நான்காம் வரி முதலாம் வரியின் பின்னே சென்று அமரும். 'ரி' பிரதி செய்யும். '1ரி$' என்றால் முதல் வரியின் பிரதியொன்று இறுதியிற் சேரும். 'ஜே' இரு வரிகளை ஒன்றாக்கும். 'என்' வரியெண்ணோடு காட்டும். 'யூ' இறுதியாகச் செய்த மாற்றத்தை மீட்கும். 'கியூ' வேலையை முடித்து வெளியேறும்.

மௌனமும் வினாக்குறியும்

ஈ.டி.யை முதலில் ஆள்பவரைத் திகைக்கச் செய்வது அதன் மௌனம். ஏவல் நிறைவேறினால் அது பெரும்பாலும் வாய்திறவாது. ஏவல் விளங்காதவிடத்து '?' என்னும் ஒரே குறியை அடித்துவிட்டு அமைந்திருக்கும். இது செருக்கன்று. செக்கனுக்குப் பத்தெழுத்து அடிக்கும் பொறியில், நாற்பதெழுத்தாலான பிழைச் செய்தி நான்கு செக்கனை விழுங்கும். தன் தவறைத் தானே உணரவல்லவர்க்கு ஒரு குறி போதுமென்று ஆக்கியோர் கருதினர். விளக்கம் வேண்டுபவர் 'எச்' என்று அடித்தால் இற்றைநாட் கருவி காரணத்தைக் கூறும். பதியாத மாற்றங்களோடு 'கியூ' என்று புறப்பட முயல்பவர்க்கும் முதன்முறை '?' என்றே விடை வரும். அஃது எச்சரிக்கை. இரண்டாம் முறையும் 'கியூ' என்றால், வற்புறுத்தாது விடைகொடுத்து அனுப்பும்.

மாற்றும் வினையும் எமக்கு நேர்ந்ததும்

ஏவல்களுள் தலையாயது 'எஸ்' என்பது. ஒரு சொல்லின் இடத்தில் வேறொரு சொல்லை வைக்கும் வினை அது. '3எஸ்/அருளம்பலம்/அருணாசலம்/' என்றால் மூன்றாம் வரியில் பெயர் மாறும். வரியில் அச்சொல் பலமுறை வரினும் முதலாவது மாத்திரமே மாறும். யாவும் மாறவேண்டின் ஈற்றில் 'ஜி' சேர்த்தல் வேண்டும். மாறிய வரியை உடனே காணவேண்டின் 'பி' சேர்த்தல் வேண்டும்.

சாய்கோடுகளுக்கிடையே எழுதுவது வெறுஞ் சொல்லன்று, வடிவக்குறிப்பு. ஆங்கிலத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் இக்குறிப்பு முறைக்குக் கணித அடிப்படை இட்டவர் ஸ்ரீபன் கிளேனி என்னும் அமெரிக்க அளவையியலாளர். அவரது ஆய்வு 1956இல் நூலுருப்பெற்றது. இம்முறையில் '^' வரியின் தொடக்கத்தையும், '$' வரியின் முடிவையும், '*' தனக்கு முன்னுள்ளது எத்தனை முறையேனும் வருதலையும், ஒருமுறையேனும் வாராமையையும் குறிக்கும். '1,$எஸ்/^/திரு. /' என்னும் ஓர் ஏவலால் எல்லா வரிகளின் தலையிலும் 'திரு.' சேர்ந்துவிடும். புள்ளியோ, ஏதேனும் ஓர் எழுத்து என்று பொருள்படும். புள்ளி புள்ளியையே குறிக்கவேண்டின் அதன்முன் '\' என்னும் பின்சாய்கோடு இடல் வேண்டும்.

இவ்விதியை அறிந்திருந்தும் மறந்தமையால் எமக்கு நேர்ந்ததைக் கூறுதல் பிறர்க்குப் பயன்படும். பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்றை அச்சுக்கு ஆயத்தஞ் செய்த யாம், 'அ.' என்னுஞ் சுருக்கத்தை விரித்து 'அமரர்' என்றாக்க விரும்பினோம். பல நூறு வரிகளிலும் கையால் மாற்றுவதற்குச் சோம்பி, '1,$எஸ்/அ./அமரர்/' என்று ஏவினோம். கருவி வழக்கம்போல் மௌனஞ் சாதித்தது. மௌனத்தைச் சம்மதமென்று கொண்டு, 'டபிள்யூ' என்றும் 'கியூ' என்றும் அடித்து வீடு சென்றோம். மேலே காட்டிய நான்கு வரிகளுக்கும் அவ்வேவலால் என்ன நேரும் என்பதைக் காண்க:

சி. செல்லையா, அமரர்
அமரர் கந்தையா
க. அமரர்ுளம்பலம்
மு. வைத்திலிங்கம், அமரர்

முதல் வரியும் நான்காம் வரியும் செம்மையாக அமைந்தன. மூன்றாம் வரியில் 'அ'வையும் அதனையடுத்த 'ர'வையும் புள்ளி விழுங்கிவிட, உகரக்குறி தாங்குவாரின்றி நின்றது. இரண்டாம் வரியில் நேர்ந்ததோ இதனினும் கொடிது. தந்தையார் பெயரின் முதலெழுத்தாகிய 'அ.' என்பது 'அமரர்' ஆயிற்று. சிதைந்த பெயரைக் கண்டவர் பிழையென்று உடனே அறிவர். இதனைக் கண்டவர்க்கோ ஐயமே தோன்றாது. உயிரோடிருந்த அன்பர் பலர் இவ்வாறு ஓரிரவில் அமரராயினர். அச்சுப்படி பார்க்க இசைந்திருந்த முதியவர் ஒருவர், தம் பெயர் நின்ற வரியில் விரலை வைத்து, "தம்பியவை, நான் இன்னும் இருக்கிறன்" என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர், எமக்கு நகை வரவில்லை. அவரைப்போல் அச்சுப்படியைப் பார்க்கும் வாய்ப்பில்லாத, கடல் கடந்த ஊர்களிலுள்ள அன்பர்க்கு யார் சான்று? பெயரை விழுங்கியபின் எஞ்சிய குறிகளைக்கொண்டு மூலத்தை எவ்வாறு மீட்பது? நல்வேளையாகக் கையெழுத்துப் பதிவேடு எம்மிடம் இருந்தது. அதனோடு ஒவ்வொரு வரியையும் ஒப்புநோக்கி மீட்டோம். ஓர் ஏவலால் மிச்சம்பிடிக்க எண்ணிய நேரத்தினும் பன்மடங்கு நேரம் சென்றது.

பிழை யாதென ஆராய்வோம். 'அ\.' என்று எழுதியிருப்பின் அருளம்பலத்தார் பிழைத்திருப்பார், கந்தையாவோ பிழையார். அவர் பெயரின் முதலெழுத்தும் அதே வடிவினதன்றோ? சுருக்கம் எப்பொழுதும் காற்புள்ளியை அடுத்து வரியின் இறுதியிலேயே நிற்கும் என்னும் வேறுபாட்டையும் கூறுதல் வேண்டும். ஆகவே '1,$எஸ்/, அ\.$/, அமரர்/' என்பதே செவ்விய ஏவல். சாய்கோட்டினுள் உள்ள '$' வரியின் முடிவையும், வெளியே உள்ள '$' இறுதி வரியையும் குறித்தலைக் காண்க. ஒரே குறி இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடுகின்றது.

முதலிற் காண்க, பின்னர் மாற்றுக

இவ்விடர்க்குக் காப்பும் ஈ.டி.யினுள்ளேயே உண்டு. 'ஜி' என்பதனை வினைக்கு முன்னே வைத்தால், குறித்த வடிவமுள்ள வரிகள் யாவற்றிலும் அவ்வினை நிகழும். 'ஜி/அ./பி' என்றால் அவ்வடிவமுள்ள எல்லா வரிகளும் காட்டப்படும். அன்று யாம் அதனை முதலில் ஏவியிருப்பின், வாழ்வோர் பெயர்களும் வந்து நிற்பதைக் கண்டு கையை எடுத்திருப்போம். 'ஜி/, அ\.$/பி' என்பதோ நம் பட்டியலில் உரிய இரண்டு வரிகளை மாத்திரமே காட்டும். காட்டும் ஏவலால் எல்லையைச் சோதித்து, அதன்பின் அதே வடிவத்தை மாற்றும் ஏவலுக்குக் கொடுப்பதே நெறி. மாற்றியபின்னும் ஒருமுறை பார்த்து, அதன்பின்னரே 'டபிள்யூ' என்க. மாற்றம் தவறெனின் அப்பொழுதே 'யூ' என்று மீட்கலாம். அது கடைசி ஏவலை மாத்திரமே மீட்கும். இருமுறை அடித்தால் மீட்டது மறுபடியும் மாறிவிடும்.

'ஜி' இயங்கும் முறையும் அறியத்தக்கது. அது வரியைக் கண்டவுடன் வினையைச் செய்யத் தொடங்காது. முதலில் கோப்பு முழுவதையும் பார்த்து, பொருந்தும் வரிகள்மீது குறியிட்டுக்கொள்ளும். அதன்பின்னரே குறியிட்ட வரிகளில் ஒவ்வொன்றாக வினையை நிகழ்த்தும். இதற்குச் சான்றாக 'ஜி/^/எம்0' என்னும் ஏவலைக் காட்டுவர். எல்லா வரிக்கும் தொடக்கம் உண்டாதலின் எல்லா வரியும் குறிபெறும். பின்னர் முதல் வரி கோப்பின் தலைக்குச் செல்லும்; இரண்டாவது அதன் தலைமேல் ஏறும்; மூன்றாவது அதன்மேல். முடிவிலே கோப்பு தலைகீழாகிவிடும். முதலிலேயே குறியிடாது, கண்டவுடன் செய்வதாயிருப்பின் இடம்பெயர்ந்த வரிகளால் கணக்குக் குழம்பும்.

தமிழுக்கு உரிய அவதானம்

ஈ.டி. ஆங்கிலத்திற்கென ஆக்கப்பட்டது. தமிழில் ஆள்பவர் இரண்டொன்றை மனங்கொள்ளல் வேண்டும். யுனிக்கோட்டு முறையில் 'கா' என்பது 'க' என்னும் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டு. 'க்' என்பது 'க'வும் புள்ளியுமாக இரண்டு. நம் இலக்கணத்தார் மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் ஆயிற்று என்பர். பொறியோ அகரமேறிய மெய்யை முதலாகக் கொண்டு, பிறவற்றை அதன்மேல் ஏற்றுகின்றது. ஆதலின் 'ல' என்று தேடினால் லா, லி, ல் முதலிய யாவும் அகப்படும். 'ல'வை 'ள' ஆக்குக என்று ஏவினால் அவ்வரிசை முழுவதும் மாறும்.

மற்றையது சொல்லின் திரிபு. 'மரம்' என்று தேடினால் 'மரத்தை', 'மரங்கள்' என்பன அகப்படா. வேற்றுமையுருபு ஏற்குங்கால் ஈறு திரிந்துவிடுகின்றது. 'மர' என்று சுருக்கித் தேடினாலோ மரபும் மரணமும் உடன்வந்து நிற்கும். எனவே தமிழில் ஒரு சொல்லை முழுவதும் மாற்றப் புகுபவர், அதன் திரிபுகளை முன்னரே எண்ணி, ஒவ்வொன்றற்கும் வேறு ஏவல் வகுத்தல் நன்று. பொறிக்குப் புணரியல் தெரியாது. ஏவுபவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

வழித்தோன்றல்கள்

இக்கருவி இன்று அருங்காட்சிப் பொருளன்றோ என்று கேட்பார்க்கு அதன் வழிமுறையைக் காட்டுகின்றோம். மேலே கூறிய 'ஜி', வடிவக்குறிப்பு, 'பி' என்னும் மூன்றையும் சேர்த்துப் பெயரிடப்பட்டதே கிரெப் என்னும் தேடற்கருவி. வடிவக்குறிப்பின் ஆங்கிலப் பெயரிலுள்ள இரு சொற்களின் முதலெழுத்துக்கள் நடுவே நிற்கின்றன. அதுவும் தொம்சனின் ஆக்கமே. 1970களின் முற்பகுதியில் தோன்றியது. சற்றுப் பின்னர் லீ மக்மஹன் என்பார், முன்னரே எழுதிவைத்த ஏவல்களை ஓடிவரும் எழுத்தின்மீது செலுத்தும் செட் என்னும் கருவியை அமைத்தார். இலண்டன் குவீன் மேரிக் கல்லூரியில் ஜோர்ஜ் கூலூரிஸ் என்பார் ஈ.டி.யைச் சீர்திருத்தி ஆக்கிய திருத்தியைக் கண்டு, பேர்க்கிளியில் பில் ஜோய் என்பார் எக்ஸ் என்பதனையும், அதன் திரை வடிவமாகிய வி.ஐ. என்பதனையும் 1970களில் ஆக்கினார். வி.ஐ.யின் வழிவந்த விம் என்னும் திருத்தி 1991இல் வெளிவந்தது. இன்று அதனைக் கையாள்வோர் முக்காற்புள்ளியை அடித்து இடும் ஏவல்கள் பெரும்பாலும் ஈ.டி.யின் ஏவல்களே.

கண்ணொளி இல்லாத அன்பர்க்கும் வரித்திருத்தி முறை பயன்படுகின்றது. திரை முழுவதையும் ஒருங்கே நோக்கும் கருவி அவர்க்கு உதவாது. கேட்ட வரியை மாத்திரம் தரும் கருவியோ, அதனைக் குரலாக மாற்றி உரைக்கும் பொறியோடு இனிது பொருந்தும். கண்ணொளி இல்லாத கணினியறிஞராகிய கார்ல் டால்க் என்பார் ஆக்கிய எட்பிரவுஸ் என்னுங் கருவி ஈ.டி.யின் ஏவல்களையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு காலத்திற் பொறியின் வறுமையாற் பிறந்த சுருக்கம், பிறிதொரு காலத்தில் ஒருசாரார்க்குத் துணையாயிற்று.

திரையிலே கண்டு திருத்துபவர் ஒரு பிழையைச் செய்தால் அஃது ஓரிடத்துப் பிழை. ஏவலால் திருத்துபவர் பிழைத்தால் அஃது ஆயிரம் இடத்துப் பிழை. செய்த பொறி ஒன்றுங் கூறாது. ஏவலின் ஆற்றல் எத்துணையோ அத்துணையே ஏவுவோனின் பொறுப்பும் ஆகும். எனவே இக்கருவியைப் பயிலும் நம் இளைய மாணவர்க்கு யாம் கூறத்தக்கது மூன்றே: கண்டபின் மாற்றுக, மாற்றியபின் மீண்டுங் காண்க, மூலத்தின் பிரதி ஒன்றை வேறிடத்து வைத்துக்கொள்க. இம்மலரின் ஈற்றிலே அச்சாகும் பெயர்ப்பட்டியல்களை இம்முறையிலே சரிபார்த்துள்ளோம். கையெழுத்துப் பதிவேட்டோடும் ஒப்புநோக்கியுள்ளோம். வாழ்வோர் யாவரும் அதில் வாழ்வோராகவே நிற்கின்றனர். எம்மைத் திருத்திய அம்முதியவரும் அவருள் ஒருவர்; அவர் பெயரின் தலையிலுள்ள முதலெழுத்து முதலெழுத்தாகவே நிற்கின்றது.